மூன்றரை நடை தூரத்தில் கடல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒருநாள் காலை மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, கீழ் வீட்டில் நடந்த சண்டையிலிருந்து சுட்டுக்கொண்டு வந்தேன். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் இரண்டு வருஷமாக நடக்கிற அதே சண்டைதான். கடலுக்கு எப்போது போவது?

கீழ் வீட்டுக்காரர் பெயர் சக்கரவர்த்தி. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குப் போய்வரும் பஸ்ஸின் டிரைவர். அவருக்குச் சொந்த ஊரே மலைதான். மகளின் படிப்புக்காக இறங்கிவந்து இங்கே வாடகைக்கு இருக்கிறார். மனைவி பெருமாயி. மகள் கவியா, ஒரே பெண், நர்சிங் முடித்தவள். ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக அந்த ஊர்ப் பாஷை படிக்க அவள் சேர்ந்த அன்றைக்கே பெருமாயி கேட்டுவிட்டாள்.

"எம் பொண்ணு கடலத் தாண்டிப் போவுது. அது இன்னான்னு அவகூட நின்னு ஒரு தடவ பாத்துட்டேன்னா, அப்பறம் நான் பாட்டுக்கு வூட்ல குந்திக்கினு இருப்பேன்."

நாற்பத்தைந்து வயதாகிறது, பெருமாயி கடலைப் பார்த்ததில்லை. இந்தக் கதையில் இதைவிடப் பெரிய சிக்கல் எதுவும் கிடையாது. கொலை, கள்ளக்காதல், சொத்துத் தகராறு என்று எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

(ஒரு சின்ன விஷயம். ஜெர்மனிக்குப் போகிற விமானம் நம் கடலூர்க் கடலைத் தாண்டாது, அது எதிர்த்திசை, மேற்கே வேறு கடல் இருக்கிறது என்று பெருமாயிக்கு ஒருநாள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தக் கடலுன்னு நான் கேட்டனாண்ணா?" என்றாள். அன்றிலிருந்து நான் அவளிடம் பூகோளம் பேசுவதில்லை.)

2

கதையை எப்படித் தொடங்குவது என்பதில் நான்கு நாள் போயிற்று.

முதல் தொடக்கம்: "கல்வராயன் மலையின் பின்னால் சூரியன் மெல்ல—"

இதோடு நிறுத்திவிட்டேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த என் மனைவி ராதிகா, "சூரியன் வராம உங்களுக்கு ஒரு கதையும் ஆரம்பிக்காதா?" என்று கேட்டுவிட்டு ஈரத் துணியை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது: "கடல் என்பது எல்லையற்ற—"

பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்குகிற வரி. வேண்டாம்.

மூன்றாவதை நானே உங்களுக்குக் காட்ட மாட்டேன்.

ஆகவே சக்கரவர்த்தியின் திட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த மனிதர் ஆறு மாதம் திட்டம் போட்டார். கடற்கரையோரமாகவே ஒரு பயணம். கடலூரில் கடலைப் பிடித்து, பிச்சாவரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கோடியக்கரை, தொண்டி என்று அதை விடாமல் ஓரத்திலேயே போய் ராமேஸ்வரத்தில் முடிப்பது. நாலு ராத்திரி. மச்சான் குமாரின் வேனை இரவல் கேட்டாயிற்று. வேனில் இடம் இருந்ததால் என்னையும் ராதிகாவையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் கதை எழுதுகிறேன் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள் என்று நான் நினைத்தேன். ராதிகாவின் புளிச்சோற்றுக்காக என்பது பிறகு தெரிந்தது.

சக்கரவர்த்திக்குக் கிலோமீட்டர் கணக்கு பிடிக்காது. அவர் தூரத்தை நடையில்தான் அளப்பார். கள்ளக்குறிச்சியில் எடுத்து வெள்ளிமலையில் நிறுத்தினால் ஒரு நடை. இருபது வருஷமாக அந்த ஒரு நடையைத்தான் ஏறியும் இறங்கியும் ஓட்டிக்கொண்டிருக்கிறார், அதனால் உலகத்தையே அந்த முழக்கோலால்தான் அளக்க முடியும். கள்ளக்குறிச்சியிலிருந்து கடலூர் இரண்டரை நடை. ராமேஸ்வரம் ஏழு, ஏழரை. ஜெர்மனி எவ்வளவு என்று கவியா கேட்டதும் வண்டியைத் துடைக்கப் போய்விட்டாராம்.

அடுத்து மாதம். கிழக்குக் கடற்கரைக்கு எந்த மாதத்தில் போகலாம் என்று சக்கரவர்த்தி செய்த ஆராய்ச்சியை அப்படியே எழுதினால் கட்டுரையாகிவிடும், எழுதாவிட்டால் கதை புரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஐப்பசியும் கார்த்திகையும் கூடவே கூடாது, புயல் சின்னத்துக்குக் கடலூர் என்றால் அப்படி ஒரு பிரியம். மார்கழியில் மலைப்பாதையில் பனி, முன்னால் போகிற வண்டியே தெரியாது. தையில் மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவார்கள், ஒருவருக்கும் கை ஒழியாது. மாசியில் கவியாவுக்குப் பாஷைப் பரீட்சை. சித்திரை வளர்ந்தால் வெயில் மண்டையைப் பிளக்கும். அதோடு சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம், பெரிய படகு எதுவும் கடலுக்குப் போகாது. மீன் இல்லாமல் கடல் இன்னா கடலு என்பது சக்கரவர்த்தியின் கட்சி. வறுத்த மீனை மணலில் உட்கார்ந்து தின்ன வேண்டும் என்பது அவருடைய தனி ஆசை.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்ததில் பங்குனிக் கடைசி வாரம் ஒன்றுதான் மிச்சம். புயல் இல்லை, பனி இல்லை, மீன் உண்டு, வெயில் தாங்கும். வருஷத்துக்கு ஒரு வாரம். கவியா கிளம்புவது சித்திரை முதல் வாரத்தில். ஆக, பெருமாயிக்கு இருந்ததே அந்த ஒரு வாரம்தான்.

3

இங்கே ஒரு இடையூறு. எழுதியவரைக்கும் கவியா கீழே எடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டாள். சிறிது நேரத்தில் பெருமாயி மாடியேறி வந்தாள், இடுப்பில் சொருகிய முந்தானையோடு.

முந்தைய பிரதியில் நான் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: "பெருமாயி கடலை நினைத்து மௌனமாக ஏங்கினாள்."

"யாருண்ணா இவ?" என்றாள்.

நீதான் என்றேன்.

"நான் எப்பண்ணா மௌனமா இருந்தேன்? ரெண்டு வருசமா அந்த மனுசன் காத ரெண்டாக்கிக்கினு இருக்கேன். தெருவுக்கே தெரியும். மௌனமாம்."

நியாயம்தான். எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மலையில் பிறந்த பெண் என்றால் அமைதியாக, சோகமாக, தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? பெருமாயி தூரத்தைப் பார்த்து நின்று நான் பார்த்ததே இல்லை. தண்ணி லாரி வருகிறதா என்று பார்ப்பாள், அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

போகும்போது படியில் நின்று இன்னொன்று சொன்னாள். இதைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஒண்ணு கேட்டுக்கறேண்ணா. நான் கடலப் பாக்கறதுக்கு முன்ன, பாத்துட்ட மாதிரி எழுதி வச்சிடாதீங்க. மொதல்ல நான் பாக்கணும். அப்பறம் நீங்க எழுதுங்க."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். எழுதுகிறவன் கொடுக்கிற வாக்கு எவ்வளவு பெறும் என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

4

இனிமேல் தப்பு. எல்லாம் சரியாகத் திட்டம் போட்ட ஒரு குடும்பம் செய்த தப்பு.

புதன்கிழமை விடியற்காலை கிளம்புவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலை பெருமாயி, ராத்திரி வெளியே தங்குகிற பயணம், ஊருக்குப் போய்க் கோயில் ஆத்தாவிடம் சொல்லாமல் போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடல் கிழக்கே. மலை மேற்கே. கிழக்கே போக வேண்டியவர்கள் முதலில் மேற்கே வண்டியை விட்டார்கள். மூன்று பேரும் மலையேறி, கோயிலில் கற்பூரம் காட்டிவிட்டு, ராத்திரி அங்கே படுத்து, விடிய இறங்கிவந்து எங்களை ஏற்றிக்கொள்வார்கள் என்று பேச்சு.

(மலையில் எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்ப் பூசாரி கந்தசாமி நேராக என் வீட்டுக்கு இறங்கிவந்துவிடுவார். அடடா, பெயரைச் சொல்லிவிட்டேனே.)

அந்த ஊர்த் திருவிழாவுக்குக் காலண்டர் தேதி கிடையாது. கோடையில் முதல் உழவு மழை பெய்ய வேண்டும். அதாவது ஏர் பிடிக்கிற அளவுக்கு மண் நனைய வேண்டும். அதற்குப் பிறகு வருகிற செவ்வாய்க்கிழமை காப்பு கட்டுவார்கள். காப்பு கட்டும்போது எல்லைக்குள் இருக்கிற ஊர்க்காரர்கள், திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கிறவரை ராத்திரியில் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த நேரத்தில் வெளியூரில் இருந்தவர்களுக்கு இந்தக் கட்டு எதுவும் இல்லை. கள்ளக்குறிச்சியிலேயே இருந்திருந்தால் சக்கரவர்த்தி குடும்பத்துக்கும் இல்லை.

மழை வழக்கமாகச் சித்திரைக் கடைசியில்தான் வரும். அதனால் யாரும் அதை நினைக்கவில்லை. சக்கரவர்த்தியின் போனில் எட்டு ஊர்களின் வானிலை வரிசையாக இருந்தது. கடலூரில் வெயில், நாகப்பட்டினத்தில் வெயில், கோடியக்கரையில் வெயில். மலைப்பாதை வளைவில் வண்டி ஏறும்போது கண்ணாடியில் தூறல் விழ ஆரம்பித்தபோதும், ஒரு கையால் துடைத்துக்கொண்டே, ராமேஸ்வரத்தில் முழு வெயில் காட்டுகிறது என்று மகளிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனாராம். தன் ஊருக்கு வானிலை பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிறந்து வளர்ந்த இடத்துக்கு எதற்குப் போன்?

மத்தியானம் கொட்டித் தீர்த்துவிட்டது. மழை விட்டதும் பூசாரி கந்தசாமி வெளியே வந்து, கோயில் பக்கத்து நிலத்தில் கட்டைவிரலை ஊன்றிப் பார்த்தார். விரல் முழுசாக இறங்கிற்று. இன்றைக்கே செவ்வாய்க்கிழமை, அடுத்த வாரம்வரை எதற்கு என்று மேளத்தை எடுக்கச் சொல்லிவிட்டார். பெருமாயி கையில் கற்பூரத் தட்டோடு சன்னிதியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு செய்தியில் பார்த்தேன். நடுக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. மேகம் கரையோரத்தை விட்டுவிட்டு நேரே மேற்கே வந்து மலையில் இறங்கியிருக்கிறது. "பெருமாயி கடலைத் தேடிப் போவதற்குள் கடலே பெருமாயியைத் தேடி வந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். நன்றாக இருந்தது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

புதன்கிழமை விடியற்காலை நானும் ராதிகாவும் குளித்து முடித்து, பையும் புளிச்சோறுமாக வாசலில் நின்றோம். வேன் வரவில்லை. மலையில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். வெயில் ஏறின பிறகுதான் கவியா ஏறியிருக்கிறாள்.

"பெரியப்பா, காப்பு கட்டிட்டாங்க," என்றாள். காப்பு அவிழ்க்கிற மறுநாள் அவள் சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டும். மிச்சம் இருந்த நாளையெல்லாம் அம்மன் எடுத்துக்கொண்டாள்.

அந்தப் புளிச்சோற்றை நாங்கள் இருவரும் இரண்டு நாள் தின்றோம்.

5

கதை இங்கே நின்றுவிட்டது. நான் எழுதுகிறவன், சும்மா இருக்க முடியுமா? முடிவுகள் தயாரிக்க ஆரம்பித்தேன்.

முதல் முடிவு. இருட்டில் மூவரும் எல்லைக்கல்லைத் தாண்டி, விளக்குப் போடாமல் வேனை உருட்டி, கீழே போய் ஸ்டார்ட் பண்ணி, கடலுக்கே போய்விடுகிறார்கள். சம்பிரதாயத்தை மீறுகிற புதுமைப் பெண்ணாகப் பெருமாயி. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கவியா பாறைமேல் ஏறியபோது போனில் சொன்னேன். அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து பதிலைச் சொன்னாள். அந்தக் கதையில் நான் வர மாட்டேன், வேற யாரையாவது கூட்டிக்கினு போங்க என்றாளாம் பெருமாயி. ஊரே எல்லைக்குள் படுத்திருக்கும்போது நான் மட்டும் தாண்டினால், கடலைப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்றாளாம்.

இரண்டாவது முடிவு. போகவில்லை. கவியா விமானம் ஏறுகிறாள். பெருமாயி மலையுச்சியில் நின்று கிழக்கே பார்க்கிறாள், பார்வை எட்டும்வரை—

ராதிகா இதைப் படித்துவிட்டு அன்று சாயங்காலம் எனக்குக் காப்பி போடவில்லை.

மூன்றாவது முடிவு. அம்மன் பூசாரி கந்தசாமியின் கனவில் வந்து, பெருமாயியை மட்டும் விட்டுவிடு என்று சொல்கிறாள். கவியா கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "அம்மன் உங்களுக்கு சினேகமா பெரியப்பா?" என்றாள்.

என் கையிருப்பு அவ்வளவுதான். நாலாவது முடிவைச் சக்கரவர்த்திதான் கண்டுபிடித்தார். அதில் கற்பனையே இல்லை, வெறும் டிரைவர் கணக்கு. தடை ராத்திரிக்குத்தானே, பகலுக்கு இல்லையே? கோழி கூவினதும் எல்லையைத் தாண்டி, சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட்டால்? ஊரிலிருந்து கடலூருக்கு மூன்றரை நடை. போக மூன்றரை, வர மூன்றரை, ஆக ஏழு நடை. ஆடி மாதக் கூட்டத்தில் ஒரே நாளில் ஆறு நடை ஓட்டியவர் அவர்.

திட்டத்தை வெட்டினார். போனில் ராமேஸ்வரத்தைத் தொட்டு அழித்தார். தொண்டி போயிற்று. கோடியக்கரை, வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், தரங்கம்பாடி, ஒவ்வொன்றாகப் போயிற்று. பிச்சாவரத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டே இருந்தாராம். கடைசியில் கடலூர் மட்டும் நின்றது. நாலு ராத்திரிப் பயணம் ஒரு பகலாகச் சுருங்கிவிட்டது.

கந்தசாமியிடம் போய்க் கேட்டார்கள். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

"பகல்ல எங்கியாவது போங்க, அது உங்க பாடு. நான் எல்லை வெளக்க ஏத்தறப்ப ஆளு உள்ள இருக்கணும். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

எல்லைக்கல் அருகே ஒரு மாடம் இருக்கிறது. காப்புக் காலத்தில் தினமும் சூரியன் விழுந்ததும் அதில் அவர் விளக்கேற்றுவார். அதற்குமேல் வெளியே இருக்கிறவன் வெளியே, உள்ளே இருக்கிறவன் உள்ளே.

6

வெள்ளிக்கிழமை காலை கள்ளக்குறிச்சியில் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். மூன்று பேர் கையிலும் மஞ்சள் காப்புக் கயிறு. ராதிகா மறுபடியும் புளிச்சோறு.

உளுந்தூர்பேட்டையில் டீ. லாரிகளுக்கு நடுவே நின்று சக்கரவர்த்தி டீயை நாக்கு வெந்துபோகக் குடித்தார், ஆற்ற நேரமில்லை. பண்ருட்டியில் சாலையோரம் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். திரும்பும்போது வாங்கலாம் என்று ராதிகா சொன்னாள், திரும்பும்போது ஏது நேரம் என்று சக்கரவர்த்தி கண்ணாடியில் பார்த்தார். கடலூரை நெருங்கியதும் காற்று மாறிற்று. பெருமாயி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, வாசனை எதுவோ வருதே என்று கேட்டாள். கருவாடு என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

இதை நான் குறித்துக்கொள்கிறேன். உளுந்தூர்பேட்டைவரை எல்லோர் வாயையும் அடைத்துக்கொண்டு பேசியவள், கடலூர் ஊருக்குள் நுழைந்தபோது மௌனமாகத்தான் இருந்தாள். நான் அடித்த வாக்கியம் முழுப் பொய் இல்லை.

கரைக்குக் கொஞ்சம் முன்பே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். சவுக்குத் தோப்பு. அதற்கப்பால் மணல் மேடு. மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் மட்டும் வந்தது. ரெண்டு மணி நேரம், அதுக்குமேல ஒரு நிமிசம் கிடையாது என்று சக்கரவர்த்தி வாட்ச்சைத் தட்டிக் காட்டினார். பெருமாயி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். இருவரும் மேட்டின்மேல் ஏறினார்கள்.

7

[                    ]

8

ஏமாந்துவிட்டீர்களா? நானும்தான்.

வாக்குப்படி இப்போது நான் எழுதலாம். அவள் பார்த்தாயிற்று, அங்கேயே திரும்பி, "இனிமே எழுதிக்கங்கண்ணா," என்று அனுமதியும் கொடுத்தாள். ஆனால் எனக்கு என்ன தெரியும்? இரண்டு முதுகுதான் தெரிந்தது. அம்மாவும் மகளும் தண்ணீர் முழங்காலை நனைக்கிற இடத்தில் நின்று ரொம்ப நேரம் பேசினார்கள். காற்று அந்தப் பக்கம் அடித்தது, ஒரு சொல்லும் என்னிடம் வரவில்லை. பிறகு என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அது எதுக்கு உங்களுக்கு?" என்றாள் பெருமாயி. அந்த அடைப்புக்குறிக்குள் எதையாவது போட்டு நிரப்ப எனக்குத் தெரியாமல் இல்லை. மனசு வரவில்லை.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கரையில் ஒரு பெண் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். காப்பு கட்டியவர்கள் கவிச்சி தொடக் கூடாது. எந்த மீனுக்காகச் சித்திரையே வேண்டாமென்று பங்குனியைத் தேர்ந்தெடுத்தாரோ, அந்த மீனின் வாசனையை மோந்துகொண்டு சக்கரவர்த்தி புளிச்சோறு தின்றார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் வாட்ச்சைப் பார்த்தார். தண்ணீரில் நின்ற இருவரையும் பார்த்தார். இருபது வருஷத்தில் ஒருநாளும் ஒரு நிமிஷம் தாமதமாக வண்டி எடுக்காத மனிதர், வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நிக்கட்டும் சார்," என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், அதில் என்ன வெட்கம்.

ரொம்ப நேரம் நின்றார்கள்.

9

இப்போது எனக்குச் சூரியன் தேவைப்படுகிறது. ராதிகா மன்னிக்க வேண்டும்.

பண்ருட்டியில் நெரிசல். பலாப்பழத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் டீ இல்லை. கள்ளக்குறிச்சியில் எங்களை இறக்கிவிட்டபோது சூரியன் மலைக்கு ஒரு முழம் மேலே நின்றது. மிச்சம் ஒரு நடை இருந்தது, அதில் பாதி வளைவு. ஒரு முழம் சூரியனுக்கு ஒரு நடை எட்டாது என்று எனக்கே தெரிந்தது. பெருமாயி ஜன்னல் வழியாக, வரேண்ணா, வரேன்க்கா என்றாள். ஆத்தாவிடம் சொல்லிக்கொள்ளத்தான் மலைக்கே போனவள், அவளைப் போய் எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று நானும் ராதிகாவும் வாசலை விட்டு நகரவில்லை. வேன் மேற்கே பறந்தது.

இனி வருவதை நான் பார்க்கவில்லை. கவியா பாறைமேல் ஏறி நின்று சொன்னதை எழுதுகிறேன்.

மலை ஏறும்போதே சூரியன் விழுந்துவிட்டது. கடைசி வளைவில் ஹெட்லைட் போட வேண்டியிருந்தது. பெருமாயி கண்ணை மூடிக்கொண்டு ஆத்தா, ஆத்தா என்றே வந்தாள். எல்லைக்கல் அருகே ஊரே கூடி நின்றது. நன்றாக இருட்டிவிட்டது. ஆனால் மாடத்தில் விளக்கு எரியவில்லை. எண்ணெய் இருந்தது, திரி இருந்தது. கந்தசாமி கையில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார்.

"தீப்பெட்டி நமுத்துப்போச்சி," என்றாராம் ஊராரைப் பார்த்து. "ஒரு குச்சியும் பத்த மாட்டேங்குது, நான் இன்னா பண்ணட்டும்?"

யாரோ லைட்டரை நீட்டியிருக்கிறார்கள். ஆத்தா விளக்கை லைட்டரில் ஏற்றுவதா என்று கந்தசாமி எரிந்து விழுந்திருக்கிறார். இன்னொருவர் வீட்டிலிருந்து வேறு தீப்பெட்டி கொண்டுவரக் கிளம்ப, நில்லு, இன்னொரு குச்சி பார்க்கிறேன் என்று தடுத்திருக்கிறார். வேன் கல்லைத் தாண்டி உள்ளே வந்து நின்றது. பெருமாயி இறங்கினாள். கந்தசாமி ஒரு குச்சியை உரசினார். பற்றிக்கொண்டது.

விளக்கேற்றி முடித்து, குச்சியைக் கீழே போட்டுவிட்டு, அவர் மெதுவாகக் கேட்டாராம்:

"கடலு எப்பிடிக்கிது பெருமாயி?"

10

கவியா போய்விட்டாள். காப்பு அவிழ்த்த மறுநாள் சென்னைக்கு, அங்கிருந்து விமானம். வழியனுப்பிவிட்டு வந்த பெருமாயி மாடியேறி வந்து ராதிகாவிடம் ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"இப்ப பயம் கம்மிண்ணா. போற வழிய நான் பாத்துட்டேன் இல்ல."

நான் பூகோளம் பேசவில்லை.

முடிவு என்று ஒன்று பாக்கி இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை, உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். அந்தத் தீப்பெட்டி உண்மையிலேயே நமுத்துப்போயிருந்ததா? ஒருநாள் சக்கரவர்த்தியின் பஸ்ஸிலேயே மலையேறிப் போய்க் கந்தசாமியைக் கேட்டேன். "ஏன், மழ பேஞ்சிதே," என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை மழைக்குப் பிறகு வெள்ளிக்கிழமைவரை மலையில் ஒரு சொட்டு விழவில்லை, மண் எல்லாம் காய்ந்து கிடந்தது என்று சக்கரவர்த்தி சொல்கிறார். இப்போதெல்லாம் அவர் போனில் முதலாவதாக இருப்பது அந்த ஊரின் வானிலைதான்.

இரண்டையும் உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். எது உண்மை என்று நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கவியா சொன்னது. அந்தக் குச்சி வெளிச்சத்தில் கந்தசாமி குனிந்து பார்த்தது விளக்கை இல்லையாம். எல்லைக்கல்லுக்கு உள்ளே நின்ற பெருமாயியின் காலில் ஒட்டியிருந்த மணலையாம்.